பழைய சீரியல் போர்ட் புரோகிராமர்கள் யுஎஸ்பி அடாப்டரில்: ஒன்று பாதி ஓடுகிறது, மற்றொன்று அசையவே இல்லை

கேள்வி: புதூர் பட்டறை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். கே. புதூரில் சர்வோ ஸ்டெபிலைசர்களின் கன்ட்ரோல் போர்டுகளையும், நூற்பாலைகளிலிருந்து வரும் பழைய இயந்திர போர்டுகளையும் சர்வீஸ் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து வரும் ஸ்டெபிலைசர்களில் பெரும்பாலும் பிக் 16எஃப்877ஏ என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்தான் (நிரலைத் தன்னுள் வைத்து ஓட்டும் சிப்) இருக்கிறது. மின்னல் தாக்கியோ நியூட்ரல் அறுந்தோ போர்டு பழுதாகும்போது சிப்பையும் மாற்றி, போர்டைச் செய்தவர்கள் கொடுத்துவைத்த நிரலை, அதாவது ஹெக்ஸ் ஃபைலைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. ஆலை போர்டுகளில் 27சி256 போன்ற ஈப்ராம்களும் (மேலே உள்ள ஜன்னல் வழியே புற ஊதாக் கதிரில் அழித்து மீண்டும் எழுதும் நினைவகச் சிப்புகள்), சிலவற்றில் அதற்கும் முந்தைய 2732-களும் வருகின்றன.

சிப்பில் எழுதும் இந்த வேலைக்கு என்னிடம் இரண்டு புரோகிராமர் கருவிகள் உள்ளன. ஒன்று, பிக் சிப்புகளுக்காக வெரோ போர்டில் கட்டிய ஜேடிஎம் வகை சர்க்யூட். இரண்டு டிரான்சிஸ்டர், சில டயோடுகள், ஜீனர்கள், ஒரு சாக்கெட் ஆகியவற்றைத் தவிர அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. தனி மின்சாரமும் கிடையாது. மற்றொன்று, இரும்புப் பெட்டியில் அடைத்த பழைய ஈப்ராம் புரோகிராமர். அதற்குள் டிரான்ஸ்பார்மரும், மேலே நெம்புகோல் வைத்த 28 பின் சாக்கெட்டும், பின்புறம் 9 பின் சீரியல் போர்ட்டும் உள்ளன. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பென்டியம் 4 கணினியில் இரண்டும் ஆண்டுக்கணக்கில் குறையில்லாமல் வேலை செய்தன. அந்தக் கணினியின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப் போனதால் இப்போது அது உயிர் பெறவே மறுக்கிறது.

புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லை என்பதால் டவுன்ஹால் ரோட்டில் யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கினேன். டிவைஸ் மேனேஜரில் அதன் மீது மஞ்சள் முக்கோணம் விழுந்து, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுமாறு ஒரு வாசகம் வந்தது. அதை மாற்றி வாங்கிய மற்றொன்று முறையாகப் பதிவாகி, காம் 5 என்று காட்டுகிறது. ஈப்ராம் புரோகிராமரின் மென்பொருள் காம் 4-க்கு மேல் எதையும் காட்டாததால், டிவைஸ் மேனேஜரில் போர்ட் எண்ணை 2 ஆக மாற்றினேன். அதன்பின் 27சி256 சிப்பை ஒழுங்காகப் படிக்கிறது, செக்சம் (தரவைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை) கூட லேபிளில் எழுதியுள்ளதோடு ஒத்துப்போகிறது. ஆனால் எழுதும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது; நிற்கும் இடமும் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. ஜேடிஎம் போர்டின் கதையோ இன்னும் மோசம். படித்தால் ஒரு சமயம் முழுவதும் 3எஃப்எஃப்எஃப் (எல்லா பிட்டும் ஒன்று) என்றும், மறு சமயம் முழுவதும் பூஜ்யம் என்றும் வருகிறது; எழுதினால் 0000 முகவரியிலேயே சரிபார்ப்பு தோற்றுவிடுகிறது.

யுஎஸ்பியில் இதெல்லாம் ஓடவே ஓடாது என்கிறார் ஒரு கடைக்காரர். எஃப்டிடிஐ சிப் வைத்த அடாப்டரைப் போட்டால் எல்லாம் ஓடும் என்கிறார் மற்றொருவர். விலை கூடிய அடாப்டர் வாங்குவதா, பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா என்று முடிவு செய்யும் முன்பு, ஒரே அடாப்டரில் ஒன்று பாதியாவது ஓட மற்றொன்று ஏன் அசையவே இல்லை என்பதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: திருநகர் எலக்ட்ரானிக்ஸ்

புதூர் அண்ணனுக்கு வணக்கம். இரண்டு கடைக்காரர்களும் உங்களிடம் உள்ள இரண்டு கருவிகளில் ஒவ்வொன்றைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அடாப்டரின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், புரோகிராமர் அந்த 9 பின் போர்ட்டை எதற்காகப் பயன்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் இரும்புப் பெட்டி அந்தப் போர்ட்டை, அது எதற்காக உருவானதோ அதற்கே பயன்படுத்துகிறது. கணினி பைட்டுகளை அனுப்புகிறது, பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அவற்றை வாங்கிக்கொண்டு, ஈப்ராமுக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தையும் துடிப்பின் நீளத்தையும் தானே பார்த்துக்கொள்கிறது. கணினியிலிருந்து ஒரு பைட் சில மில்லிசெகண்டு தாமதமாக வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இந்த வகை புரோகிராமர்கள் யுஎஸ்பி அடாப்டரில் ஓடியே ஆக வேண்டும். ஓடவில்லை என்றால் அதற்குத் திருத்தக்கூடிய காரணம் ஒன்று இருக்கும்.

ஜேடிஎம் போர்டு அப்படியல்ல. அது சீரியல் தொடர்பே கொள்வதில்லை. ஆர்டிஎஸ் கம்பியை கிளாக்காகவும், டிடிஆர் கம்பியை டேட்டாவாகவும், சிடிஎஸ் கம்பியை சிப்பிலிருந்து திரும்பப் படிக்கவும் எடுத்துக்கொண்டு, டிஎக்ஸ்டி கம்பியை மேலேற்றி இறக்கி அதிலிருந்தே சிப்புக்கு வேண்டிய 13 வோல்ட்டை உருவாக்குகிறது. அதாவது, போர்ட் இங்கே ஒரே நேரத்தில் நான்கு சுவிட்சுகளாகவும் பவர் சப்ளையாகவும் வேலை செய்கிறது. பைட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்று வடிவமைத்த யுஎஸ்பி அடாப்டர், இந்த இரண்டு வேலையிலும் தடுமாறும்.

முதலில் மின்னழுத்தத்தைப் பார்ப்போம். உங்கள் போர்டில் 5.1 வோல்ட் ஜீனர் ஒன்றும் 8.2 வோல்ட் ஜீனர் ஒன்றும் இருக்கும். ஜேடிஎம் சர்க்யூட்டில் கணினியின் கிரவுண்டான 5-ஆம் பின், பிக் சிப்பின் கிரவுண்டுக்குப் போகாமல் அதன் விடிடி பின்னுக்கு (சிப்புக்கு மின்சாரம் தரும் பின்) போகிறது. சிப்பின் கிரவுண்டு, கணினியின் கிரவுண்டைவிட ஏறக்குறைய 5 வோல்ட் கீழே தொங்குகிறது. மேலே 8.2, கீழே 5.1, இரண்டையும் கூட்டினால் 13.3, புரோகிராமிங் மின்னழுத்தத்தை ஏற்கும் எம்சிஎல்ஆர் பின்னில் நமக்கு வேண்டியது அதுதான். இது நடக்க வேண்டுமானால் போர்ட்டின் கம்பிகள் ஒரு பக்கம் 8 வோல்ட்டுக்கு மேலும், மறுபக்கம் −5 வோல்ட்டுக்குக் கீழும், அதுவும் சுமையோடு, போய்வர வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் இந்தக் கம்பிகள் 12 வோல்ட்டை ஒட்டி ஆடும் என்பதால் தாராளமாக முடிந்தது. இன்றைய அடாப்டர்களில் பலவற்றில் மேக்ஸ்3232 போன்ற சிப், யுஎஸ்பியின் மின்சாரத்திலிருந்து கெப்பாசிட்டர்களை வைத்துப் பெருக்கி, சுமார் 5.5 வோல்ட் மட்டுமே தருகிறது. சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 தரத்தின்படி அனுப்பும் பக்கம் 5 வோல்ட்டைத் தொட்டாலே போதும் என்பதால், அடாப்டரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் மேலே ஐந்தரை, கீழே ஐந்து என்று கூட்டி, டயோடுகளில் விழுவதைக் கழித்தால் பத்து வோல்ட் தேறுவதே கடினம். 13 வோல்ட் அளவில் எதிர்பார்க்கும் சிப், புரோகிராமிங் நிலைக்குள் நுழைவதே இல்லை. நுழையாத சிப்பைப் படித்தால், கம்பி எந்த நிலையில் நிற்கிறதோ அதற்கேற்ப எல்லாம் ஒன்று என்றோ எல்லாம் பூஜ்யம் என்றோதான் வரும். நீங்கள் பார்ப்பது அச்சாக இதுவே.

இரண்டாவது, நேரம். பழைய மென்பொருள் காம் 1 என்றால் 3எஃப்8, காம் 2 என்றால் 2எஃப்8 என்ற முகவரியில் நேரடியாக எழுதி, மைக்ரோசெகண்டு கணக்கில் கம்பியை மாற்றியது. யுஎஸ்பி அடாப்டருக்கு அப்படியொரு முகவரியே கிடையாது. எனவே நேரடி முறை மட்டுமே தெரிந்த மென்பொருள், எதுவும் இல்லாத இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். ஐசி-ப்ராக் போன்ற புரோகிராமர் மென்பொருள்களில் விண்டோஸ் வழியாகப் போகும் மாற்று முறை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தாலும், கம்பியின் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனி யுஎஸ்பி கட்டளையாகப் போக வேண்டும். ஃபுல் ஸ்பீடு யுஎஸ்பியில் ஒரு ஃபிரேம் 1 மில்லிசெகண்டு. 16எஃப்877ஏ-வில் ஒரு சொல்லை ஏற்றி, எழுதி, திரும்பப் படித்து, முகவரியை ஒன்று கூட்டுவதற்கு ஏறக்குறைய 50 பிட்டுகள் வேண்டும். பிட்டுக்கு மூன்று மாற்றங்கள் என்றால் 150 மாற்றங்கள். மாற்றத்துக்கு 1 மில்லிசெகண்டு என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், 8192 சொற்களுக்கு இருபது நிமிடத்தைத் தாண்டும். நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு ஆகும். பிக் சிப்புக்கு கிளாக் மெதுவாக வந்தால் ஆட்சேபம் இல்லை என்பதால், வெளியிலிருந்து 13 வோல்ட் கொடுத்துவிட்டால் இந்த மெதுவான முறையிலும் எழுத முடியும், எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பட்டறை வைத்துப் பிழைப்பவருக்கு அது சரிப்பட்டு வராது என்பது என் கருத்து.

சர்க்யூட் படம் இல்லாமலே ஒரு புரோகிராமர் எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், அதன் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) கேட்டால் அது பைட் வகை. கிளாக்கைத் தலைகீழாக்கவா, டேட்டாவைத் தலைகீழாக்கவா என்று பெட்டி பெட்டியாக டிக் அடிக்கக் கேட்டு, ஐ/ஓ தாமதத்துக்கு ஒரு நகர்த்தியும் வைத்திருந்தால் அது கம்பி வகை.

முதல் அடாப்டரைப் பற்றி ஒரு வார்த்தை: அடாப்டர்களில் வரும் பிஎல்2303 சிப் வரிசையில் எச்எக்ஸ்ஏ போன்ற பழைய சிப்புகளையும் போலிகளையும் புதிய விண்டோஸ் டிரைவர் கண்டுபிடித்து நிறுத்திவிடும், அப்போது இத்தகைய வாசகம் வரும். கம்பியில் பழுது இருக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு சிறு சோதனை செய்துவிட்டு எழுதுங்கள். அடாப்டரை எதிலும் செருகாமல், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 5-ஆம் பின்னிலும் சிவப்பை 3-ஆம் பின்னிலும் வையுங்கள். போர்ட் சும்மா இருக்கும்போது அங்கே எதிர்மறை வோல்ட் இருக்கும். பிறகு புட்டி, டெரா டெர்ம் போன்ற டெர்மினல் மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறந்து, 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் இணைத்துத் தட்டச்சு செய்யுங்கள். அடித்த எழுத்து திரும்பி வர வேண்டும். அடுத்ததாக 7-ஐயும் 8-ஐயும் இணைத்து, ஆர்டிஎஸ்-ஐ மாற்றும்போது சிடிஎஸ் மாறுகிறதா என்று பாருங்கள். கம்பிகளின் நிலையை விளக்கு போலக் காட்டும் டெர்மினல் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஈப்ராம் பெட்டி ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கு விடை இந்தக் கடைசிச் சோதனையில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில்: கப்பலூர் பராமரிப்பு

திருநகர் தம்பி சொன்ன விளக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு. நான் ஆலை பராமரிப்பில் இருப்பவன் என்பதால், டெஸ்க்டாப்பைத் தேடலாமா என்ற கேள்விக்கு மட்டும் என் பங்குக்குச் சொல்கிறேன்.

பழைய டெஸ்க்டாப் வேண்டும் என்று பென்டியம் 4-ஐத் தேடி அலைய வேண்டாம். பின்பக்கம் 9 பின் போர்ட் இல்லாத பல மதர்போர்டுகளிலும் உள்ளே காம் என்று அச்சிட்ட, ஒரு முனை மட்டும் இல்லாத இரண்டு வரிசை பின்கள் இருக்கும். பிராக்கெட்டோடு வரும் ஒரு கேபிளை அதில் செருகினால் உண்மையான சீரியல் போர்ட் கிடைத்துவிடும். அந்தப் பின்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஜிடி75232 என்ற டிரைவர் சிப் இருக்கும். அது கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்-இன் +12, −12 இரண்டையும் எடுத்துக்கொள்வதால், ஜேடிஎம் எதிர்பார்க்கும் வோல்ட் அங்கேதான் உண்டு. எஸ்எம்பிஎஸ்-இல் நீல நிற வயர் எதற்கு என்று கேட்கும் பையன்களுக்கு நான் காட்டும் இடமும் அதுவே.

கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. இந்தக் கேபிள்கள் இரண்டு விதமான பின் வரிசையில் வருகின்றன. ஒன்றில், மதர்போர்டின் பின் எண்ணும் 9 பின் கனெக்டரின் எண்ணும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தும். மற்றொன்றில், ரிப்பன் கேபிளைக் கனெக்டரில் அப்படியே அழுத்திப் பொருத்தியதால் வரிசை இடம் மாறியிருக்கும். தவறான வகையைச் செருகினால் கிரவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் வேறு கம்பி வந்து நிற்கும், எதுவும் வேலை செய்யாது. மதர்போர்டு கையேட்டில் உள்ள படத்தை வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் ஒவ்வொரு பின்னாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு வாங்கிப் போட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். பழைய பிசிஐ ஸ்லாட்டில் −12 வோல்ட்டுக்குத் தனிப் பின் இருந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸில் அது இல்லை. எனவே அந்தக் கார்டு எதிர்மறை வோல்ட்டைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதனால் யுஎஸ்பி அடாப்டரைப் போலவே பலவீனமான வோல்ட்டைத் தரும் கார்டுகள் உண்டு. நேரச் சிக்கல் தீரும், ஆனால் மின்னழுத்தச் சிக்கல் தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவிர, அந்தக் கார்டு உட்காரும் முகவரி 3எஃப்8 ஆக இருக்காது என்பதால், டாஸ் காலத்து மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த இரும்புப் பெட்டியை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். 2732 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 2716-க்கும் 2732-க்கும் எழுதும் மின்னழுத்தம் 25 வோல்ட். 2732ஏ என்றால் 21. தொடக்க கால 2764-க்கும் 21. 2764ஏ, 27256 காலத்தில்தான் அது 12.5 ஆகக் குறைந்தது. இன்று பலரும் வாங்கும் டிஎல்866-II பிளஸ் போன்ற யுஎஸ்பி புரோகிராமர் 18 வோல்ட்டோடு நின்றுவிடும். 27சி256-க்கு அது மிக நன்றாகப் போதும், 2732-ஐ அதில் எழுத முடியாது. உங்கள் பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்றால் 25 வோல்ட் அங்கே இருக்க வாய்ப்பு மிகுதி. மென்பொருளில் 2716, 2732 வகைகள் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். எழுதும் முன் 2732-ஆ, 2732ஏ-வா என்று சிப்பின் மீதுள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுங்கள். 21 வோல்ட் சிப்புக்கு 25 கொடுத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

பழைய முறையில் ஒரு பைட்டுக்கு 50 மில்லிசெகண்டு துடிப்பு என்பதால் 2 கிலோபைட் கொண்ட 2716-ஐ முழுவதும் எழுதச் சுமார் நூறு விநாடி ஆகும். அந்த 50 மில்லிசெகண்டைப் பெட்டியே எண்ணிக்கொள்வதால் யுஎஸ்பியின் தாமதம் அங்கே நுழைவதில்லை. தம்பி சொன்ன வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதில்: புதூர் பட்டறை

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி சோதித்தேன். 3-ஆம் பின்னில் −5.6 வோல்ட் காட்டுகிறது. 2-ஐயும் 3-ஐயும் இணைத்தால் அடிக்கும் எழுத்து அப்படியே திரும்பி வருகிறது. 7-ஐயும் 8-ஐயும் இணைத்து ஆர்டிஎஸ்-ஐ எப்படி மாற்றினாலும் சிடிஎஸ் அசையவில்லை. அடாப்டரின் மூடியைத் திறந்து பார்த்ததில், 9 பின் கனெக்டரில் 2, 3, 5 ஆகிய மூன்று கால்களில் மட்டுமே ஈயம் இருக்கிறது. மற்றவை பலகையைத் தொடவே இல்லை. ஈப்ராம் மென்பொருளின் பட்டியலில் 2716, 2732, 2732ஏ மூன்றும் தனித்தனியாக உள்ளன.

அப்படியானால் ஜேடிஎம் போர்டை ஓரங்கட்டிவிட்டு, ஈப்ராம் பெட்டிக்கு மட்டும் நல்ல அடாப்டர் வாங்குவது என்று முடிவு செய்கிறேன். பிக் சிப்புக்கு லேப்டாப்பிலேயே நேராக ஓடும் எதை வாங்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். சிப்பை போர்டிலிருந்து கழற்றாமலே எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

பதில்: திருநகர் எலக்ட்ரானிக்ஸ்

அண்ணன், மூன்று கால்களில் மட்டும் ஈயம் என்பதே உங்கள் ஈப்ராம் பெட்டியின் நோய். பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கு நினைவகம் மிகக் குறைவு. சில பைட்டுகளை வாங்கி எழுதி முடிக்கும்வரை, கொஞ்சம் பொறு என்று கணினிக்குச் சொல்ல அது ஒரு கம்பியை இறக்குகிறது. அது சிடிஎஸ் வழியாகக் கணினிக்கு வந்து சேர வேண்டும். உங்கள் அடாப்டரில் அந்தக் கம்பியே இல்லாததால் கணினி நிற்காமல் அனுப்பிக்கொண்டே போகிறது, எங்கோ ஓரிடத்தில் பைட்டுகள் சிதறிப் பெட்டி குழம்பிவிடுகிறது. படிக்கும்போது பைட்டுகள் எதிர்த்திசையில் வருவதாலும், லேப்டாப்புக்கு அவற்றை வாங்கும் வேகம் இருப்பதாலும் அங்கே சிக்கல் தெரியவில்லை.

எனவே எட்டுச் சமிக்ஞைக் கம்பிகளும் உண்மையில் இணைக்கப்பட்ட அடாப்டரை வாங்குங்கள். எஃப்டிடிஐ-யின் எஃப்டி232ஆர் சிப் வைத்தவற்றை நான் விரும்புவதற்குக் காரணம், சிடிஎஸ் இறங்கியதும் அனுப்புவதை நிறுத்தும் வேலையை அந்தச் சிப்பே உள்ளுக்குள் செய்துவிடுகிறது. அதையே கணினியின் டிரைவர் கவனித்து நிறுத்தும் அமைப்பாக இருந்தால், செய்தி வந்து சேர்வதற்குள் பல பைட்டுகள் போய்விடும். கடையிலேயே 7, 8 பின்களை இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். வாங்கியபின் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்பைத் திறந்து, லேட்டன்சி டைமர் 16 என்று இருப்பதை 1 ஆக்குங்கள், ஃப்ளோ கன்ட்ரோலை ஹார்டுவேர் என்று வையுங்கள். லேப்டாப்பின் மின்சேமிப்பு அமைப்பு யுஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை நிற டிடிஎல் மாட்யூல்களை மலிவு என்று வாங்கி இந்தப் பெட்டியில் நேராக இணைத்துவிடாதீர்கள். அவற்றின் நிலைகள் ஆர்எஸ்-232-க்குத் தலைகீழானவை, மின்னழுத்தமும் வேறு.

பிக் சிப்புக்கு, யுஎஸ்பியில் நேராகச் செருகும் பிக்கிட் 2 என்ற புரோகிராமர் அல்லது அதன் நகல் ஒன்றே போதுமானது. 13 வோல்ட்டை யுஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்து அது தானே உயர்த்திக்கொள்கிறது, கிளாக்கையும் அதற்குள் இருக்கும் பிக் சிப்பே ஓட்டுகிறது. கணினி தரவை மட்டும் மொத்தமாகக் கொடுக்கிறது. விண்டோஸ் அதை மவுஸ், கீபோர்டு வகைக் கருவியாகவே எடுத்துக்கொள்வதால் தனி டிரைவரும் வேண்டியதில்லை. 16எஃப்877ஏ அதன் பட்டியலில் உண்டு.

கழற்றாமல் எழுதுவதற்கு எம்சிஎல்ஆர், ஆர்பி6, ஆர்பி7, விடிடி, கிரவுண்டு என்று ஐந்து கம்பிகள் போதும். ஆனால் எம்சிஎல்ஆர் பின், போர்டின் 5 வோல்ட்டோடு ஒரு ரெசிஸ்டர் வழியாக மட்டுமே இணைந்திருக்க வேண்டும். நேராக இணைந்திருந்தால் 13 வோல்ட் போர்டு முழுவதும் பரவிவிடும். ஸ்டெபிலைசர் போர்டை மெயின்ஸிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டுத்தான் கம்பியை வைக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜேடிஎம்மை ஒருவேளை டெஸ்க்டாப்பில் மீண்டும் எழுப்பினால், அதைக் கொண்டு போர்டில் வைத்தபடி எழுதவே எழுதாதீர்கள். அதன் கிரவுண்டு கணினியின் கிரவுண்டுக்கு 5 வோல்ட் கீழே இருப்பதால், எர்த் ஆன போர்டோடு சேரும்போது போர்ட்டின் டிரைவர் சிப்பைச் சுட்டுவிடும்.

இன்னொன்று, ஸ்டெபிலைசர்களில் எங்காவது 12எஃப்675 கண்ணில் பட்டால், அழிக்கும் முன் அதன் கடைசிச் சொல்லைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள் ஆசிலேட்டரின் அளவுத்திருத்த எண் தொழிற்சாலையில் அங்கேதான் எழுதப்படுகிறது. பிக்கிட் 2 மென்பொருள் அதைக் காப்பாற்றித் திரும்ப எழுதும், பழைய மென்பொருள்கள் எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது.

பதில்: திருமங்கலம் மாணவர்

ஐயா, நிராகரிக்கப்பட்ட அந்த முதல் அடாப்டரைக் கடையில் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். விண்டோஸ் டிரைவர் ஏற்காத பழைய பிஎல்2303 சிப்புகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன, ஏனெனில் அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும். இல்லாவிட்டால் போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வரும். உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் வைத்த அடாப்டரைச் செருகியதும் போர்ட் தோன்றி மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளைத் தேடும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்வதே காரணம். அந்தக் கருவி உங்களிடம் இல்லை என்றால் சேவையை நீக்கிவிடலாம்.

ஈப்ராம் பெட்டியின் மென்பொருள் டாஸ் காலத்தது என்றால், 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. டாஸ் மென்பொருள்களை இன்றைய கணினியில் ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸின் அமைப்பு ஃபைலில் சீரியல் 1 என்ற இடத்தில் டைரக்ட்சீரியல் என்று கொடுத்து, அடாப்டரின் போர்ட் எண்ணைக் குறிப்பிட்டால், உள்ளே ஓடும் மென்பொருளுக்கு அது காம் 1 போலவே தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருளுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் எக்ஸ்பியை நிறுவி இதையே செய்யலாம். இரண்டுமே பைட் வகைக் கருவிகளுக்குத்தான். ஜேடிஎம்முக்கு இதனால் பயன் இல்லை.

அடாப்டர் எதுவாக இருந்தாலும், ஆலையிலிருந்து வரும் ஈப்ராமில் கை வைப்பதற்கு முன், அதை இரண்டு முறை படித்து இரண்டு ஃபைல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் சேமித்து வையுங்கள். வேறுபட்டால், அடாப்டரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் சிப்பின் கால்களில் படிந்த கறுப்பை அழிப்பான் கொண்டு தேய்த்துவிட்டு, மேல் ஜன்னலில் லேபிள் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்து, மீண்டும் படித்துப் பாருங்கள்.